கடல்கோளும் கரிப்புகையும்

பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், இலக்கியத்திலும் வரலாற்றிலும் ஆர்வமுடைய நம் போன்றோரிடமிருந்து ஒரு மறுமொழி தவறாமல் வருகிறது. "இதில் புதிதாக என்ன இருக்கிறது? இறையனார் அகப்பொருள் உரை கடல்கோள்களைச் சொல்கிறது. மணிமேகலை புகார் நகரைக் கடல் கொண்டதைச் சொல்கிறது. பனியூழிகள் வந்தன, போயின. தாது வருடத்தில் மழை பொய்த்தது. மாறுவதுதானே பருவத்தின் இயல்பு? இன்றைய மாற்றத்துக்கு மட்டும் மனிதனை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?"

இக்கேள்வியை எள்ளி நகையாடித் தள்ளிவிடுவதற்கில்லை. அதன் முற்பாதி முற்றிலும் உண்மை. புவியின் தட்பவெப்பம் மனிதன் தோன்றுவதற்கு முன்பிருந்தே மாறிவந்துள்ளது. ஆனால், 'முன்பும் நடந்தது' என்பதிலிருந்து 'ஆகவே இப்போதும் அதே காரணம்தான்' என்ற முடிவுக்குத் தாவுவதை வரலாற்று மாணவர் எவரும் ஏற்க இயலாது. ஓர் ஊரின் கோயில் வெள்ளத்தால் மண்மூடிப் போனது என்பதற்காக, மற்றோர் ஊரின் கோயில் இடிந்ததற்கும் வெள்ளமே காரணம் என்று எழுதிவிடுவோமா? கல்வெட்டைத் தேடுவோம், மண்ணடுக்கைப் பார்ப்போம், அவ்வூருக்குரிய சான்று எதுவோ அதைக் கொண்டே முடிவுக்கு வருவோம். அதே முறையைப் பருவநிலைக்கும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்று பழைய மாற்றங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எது, அது விட்டுச்சென்ற தடயம் எது, விளைவு எது என்று காண்போம். அதன் பிறகு இன்றைய மாற்றத்துக்கு வருவோம்.

பனி உருகிய காலம்

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியூழி அதன் உச்சத்தில் இருந்தது. வட அமெரிக்காவின் வடபாதியும் வடமேற்கு ஐரோப்பாவும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளங்களின் கீழ் கிடந்தன. அவ்வளவு நீரும் பனியாக நிலத்தின்மேல் உறைந்திருந்ததால், கடல் மட்டம் இன்றிருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி இன்று 15 மீட்டர் ஆழத்தைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே அக்காலத்தில் தமிழகமும் இலங்கையும் ஒரே நிலப்பரப்பு. இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம்!

அப்பனி ஏன் உருகியது? செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் இதற்கு விடைகாண வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டு, 1941இல் தம் கணக்குகளைப் பெருநூலாக வெளியிட்டார். புவி கதிரவனைச் சுற்றும் பாதையின் வடிவம் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அச்சின் சாய்வு 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அச்சு பம்பரம்போல் தலைசுற்றுவது ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாறி மீள்கின்றன. இவை கூடும்போதும் குறையும்போதும் வடபுலத்துக் கோடையின் வெயில் மாறுகிறது. கோடை வெயில் வலுத்தால் பனி உருகும். தளர்ந்தால் முந்தைய ஆண்டின் பனி உருகாமல் எஞ்சி, ஆண்டுதோறும் தடிக்கும். 1976இல் கடலடி வண்டலை ஆராய்ந்தவர்கள் இதே கால அளவுகள் அதில் பதிந்திருக்கக் கண்டனர். மிலன்கோவிச் அதைக் காண உயிருடன் இல்லை.

உருகிய பனி கடலில் சேர்ந்தது. அது எப்போதும் மெதுவாகவும் சேரவில்லை. ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன், ஒரு சில நூற்றாண்டுகளுக்குள் கடல் 10 மீட்டருக்கும் மேலாக உயர்ந்த கட்டம் ஒன்று உண்டு. கரையோர மக்கள் அதைக் கண்டிருப்பார்கள்; தலைமுறை தலைமுறையாகப் பின்வாங்கியும் இருப்பார்கள்.

இவ்விடத்தில் நம்முள் பலருக்கும் உள்ளம் துள்ளும். 'அகப்பொருள் உரை சொல்லும் கடல்கோள் இதுதானே!' பொறுமை வேண்டும். இப்பெரும் உயர்வு ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் அடங்கிவிட்டது. சங்கப் பாடல்களுக்கும் அதற்கும் இடையே ஐயாயிரம் ஆண்டு இடைவெளி கிடக்கிறது. அவ்வளவு காலம் ஒரு நினைவு வாய்வழியாக வந்திருக்கக்கூடும் என்று நம்ப நமக்கும் விருப்பம்தான். ஆனால் விருப்பம் சான்றாகாது. மேலும், 'கடல் கொண்டது' என்னும் சொற்றொடர் பல நிகழ்வுகளுக்குப் பொது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது, அது புயல். 2004 டிசம்பரில் நாகைக் கடற்கரையைக் கடல் கொண்டது. அது கடலடி நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை. பனி உருகிக் கடல் ஏறுவது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது. விளைவு ஒன்றுபோல் தோன்றினும் காரணங்கள் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

கோடை வராத ஆண்டு

இரண்டாவது மாற்றம் நமக்கு மிக அண்மையது. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. வரலாற்றுக் காலத்தில் பதிவான மிகப் பெரும் வெடிப்புகளுள் அது ஒன்று. அப்போது சாவகத்தை ஆண்ட ஆங்கிலத் துணை ஆளுநர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ். வெடிப்பின் முதல் ஓசையைச் சாவகத்தில் இருந்தோர் பீரங்கி முழக்கம் என்று எண்ணினர்; பகைவர் தாக்குவதாகக் கருதிப் படைகளும் அனுப்பப்பட்டன. சும்பாவாவிலும் அண்டைத் தீவுகளிலும் பல்லாயிரம் பேர் வெடிப்பாலும் அதைத் தொடர்ந்த பசியாலும் மாண்டனர்.

ஆனால் கதை அத்தீவுகளோடு முடியவில்லை. எரிமலை உமிழ்ந்த கந்தக வாயு மேல்வளிமண்டலம் வரை சென்று, நுண்துளிகளாக மாறி, உலகம் முழுவதும் மெல்லிய திரைபோல் பரவியது. கதிரவன் ஒளியின் ஒரு பகுதியை அத்திரை திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டாகிய 1816, ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் 'கோடையில்லா ஆண்டு' என்றே பெயர் பெற்றது. நியூ இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது. சுவிட்சர்லாந்திலும் செர்மானிய நாடுகளிலும் விளைச்சல் அழுகிப்போய், தானிய விலை ஏறி, மக்கள் பசியால் வாடினர். அக்கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர், ஓயாத மழையால் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்த நாட்களில் ஒரு கதையைத் தொடங்கினார். 1818இல் வெளிவந்த 'பிராங்கென்ஸ்டைன்' அதுதான். அப்பெண் மேரி ஷெல்லி. இலக்கிய வரலாற்றில் ஓர் எரிமலைக்கும் இடமுண்டு போலும்!

இதில் நாம் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, உலகின் சராசரி வெப்பம் அவ்வாண்டு ஏறத்தாழ அரை டிகிரி அளவே குறைந்தது. அரை டிகிரிக்கு இவ்வளவு விளைவு! 'ஒன்றரை டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும், மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டால் போயிற்று' என்று சொல்வோர் 1816ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். சராசரி என்பது ஓர் ஊரின் ஒரு நாள் வெயிலன்று. உலகம் முழுவதன் இருப்புக் கணக்கு. இரண்டாவது, எரிமலைத் திரை இரண்டு மூன்று ஆண்டுகளில் படிந்து தணிந்துவிடும். 1991இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, உலகம் ஏறத்தாழ அரை டிகிரி குளிரும் என்று அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹான்சன் குழுவினர் கணித்துச் சொன்னார்கள். அவ்வாறே குளிர்ந்து, பின்னர் மீண்டது. எரிமலையின் தடயம் குளிர்ச்சி. அதன் காலம் குறுகியது. ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் வெப்பத்துக்கு அதைக் காரணம் காட்ட இயலாது.

தாது வருடம்

மூன்றாவது நம் முன்னோர் பட்டது. 1876இல் சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் தக்காணத்திலும் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டில் வறட்சி இந்தியாவின் பெரும்பகுதிக்கும் பரவியது. தமிழ் ஆண்டுக் கணக்கில் 1876-77 தாது. ஆதலால் 'தாது வருடப் பஞ்சம்' என்ற பெயர் இன்றும் முதியோர் பேச்சில் உண்டு. பிரித்தானிய இந்தியாவில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' இப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு எழுந்த அங்கத நூல். மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்கு உணவளித்ததும், கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் போற்றிப் பாடியதும் நாம் அறிந்தவையே.

மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி ஆங்கில அரசையும் உலுக்கியது. கதிரவனில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் சென்னையின் மழைக்கும் தொடர்புண்டு என்று அப்போது சிலர் எழுதினர், அது நிலைக்கவில்லை. 1899இல் பருவமழை மீண்டும் பொய்த்துப் பெரும்பஞ்சம் தொடர்ந்தது. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், உலகின் பல பகுதிகளின் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலின் கிழக்கே அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதும், அங்கே இறங்கினால் இங்கே ஏறுவதும் தராசின் இரு தட்டுகள்போல் நிகழ்வதைக் கண்டு, அதற்குத் தெற்கத்திய ஊசலாட்டம் என்று பெயரிட்டார். பெரு நாட்டுக் கரையில் கடல்நீர் வெம்மையுறும் 'எல் நினோ'வும் இதுவும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதை 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார். 1877இல் பசிபிக்கில் தோன்றியது பதிவுபெற்ற எல் நினோக்களுள் மிக வலியவற்றில் ஒன்று. வட சீனமும் பிரேசிலின் வடகிழக்கும் அதே ஆண்டுகளில் காய்ந்தன என்பது இப்போது நமக்கு வியப்பளிப்பதில்லை.

எல் நினோ கடலில் ஏற்கெனவே உள்ள வெப்பத்தை இடம் மாற்றுவது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போவது. அது தராசு, ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் மீளும். நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரே பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும் தராசு எங்கேனும் உண்டா?

இப்பஞ்சம் நமக்கு இன்னொன்றையும் கற்பிக்கிறது. மழையை நிறுத்தியது பெருங்கடல். ஆனால் அத்தனை பேர் செத்ததற்குக் கடல் மட்டுமே பொறுப்பன்று. பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதியை அரசு தடுக்கவில்லை. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைக்கும் ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மண் சுமப்பவன் உயிர்தரிக்க இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் வாதாடினார். சென்னையின் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்பஞ்ச நிவாரணப் பணியில் வெட்டப்பட்டது; அது அன்றைய ஆளுநரின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. பிழைக்க வழியற்றோர் இலங்கையின் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போயினர். காரணம் வானத்தில் இருந்தாலும், விளைவின் அளவைத் தீர்மானிப்பது ஆட்சியும் சமூகமும் என்பதை மறக்கலாகாது.

ஒரு வாயுவின் கதை

இனி இன்றைய மாற்றத்துக்கு வருவோம். 'கரியமில வாயு புவியைச் சூடாக்குகிறது' என்பது ஏதோ இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த புதுக்கூச்சல் என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் இக்கருத்துக்குத் தாது வருடத்தைவிட வயது அதிகம்!

1824இல் பிரெஞ்சுக் கணித மேதை ஜோசப் ஃபூரியே, கதிரவனிலிருந்து பெறும் ஒளியை மட்டும் கணக்கிட்டால் புவி இதைவிட மிகக் குளிர்ந்திருக்க வேண்டுமே என்று வியந்து, காற்று மண்டலம் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்று உணர்ந்தார். 1856இல் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த குழாய் மற்றவற்றைவிட மிகுதியாகச் சூடேறியது. ஆறுவதற்கும் நெடுநேரம் பிடித்தது. காற்றில் இவ்வாயு மிகுந்திருந்தால் புவி வெம்மையுற்றிருக்கும் என்று அவர் எழுதிவைத்தார். அவ்வாண்டு அறிவியல் மாநாட்டில் அக்கட்டுரையைப் படித்தது ஓர் ஆண்; அதன் பின் ஒன்றரை நூற்றாண்டு அவர் பெயரே மறைந்து போயிற்று. 1859இல் ஜான் டின்டால் இலண்டனில் நுட்பமான கருவிகளைக் கொண்டு, நீராவியும் கரியமில வாயுவும் புவியிலிருந்து வெளியேறும் வெப்பக்கதிரை விழுங்குவதை அளந்து காட்டினார்.

1896இல் சுவீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் இதைக் கணக்காக்கினார். அவர் தேடியது எதிர்காலத்தை அன்று, பனியூழிக்கான காரணத்தை. கரியமில வாயு பாதியானால் எவ்வளவு குளிரும், இரட்டித்தால் எவ்வளவு வெம்மையுறும் என்று கையாலேயே மாதக்கணக்கில் பெருக்கிக் கழித்து, இரட்டித்தால் 5 முதல் 6 டிகிரி வரை ஏறும் என்றார். இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 3 டிகிரி; கையால் போட்ட கணக்குக்கு இது பெருவியப்பே. நிலக்கரி எரிவதால் இவ்வாயு பெருகும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆனால் அதற்கு நெடுங்காலம் ஆகும், குளிர்நாடுகளுக்கு அது நன்மையும்கூட என்று எண்ணினார். 1938இல் நீராவிப் பொறியாளர் கய் காலெண்டர், உலகின் 147 நிலையங்களின் வெப்பப் பதிவுகளைத் திரட்டி, புவி ஏற்கெனவே வெம்மையுறத் தொடங்கிவிட்டது என்று காட்டினார். அறிஞர் அவை அவரை நம்பவில்லை.

1958 மார்ச்சில் சார்லஸ் கீலிங், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் காற்றை அளக்கத் தொடங்கினார். அவ்வாண்டில் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு. 2024இன் சராசரி 424. இடையில் ஒரு முழு ஆண்டுகூட இறங்கவில்லை.

கரி விட்டுச்சென்ற கையெழுத்து

'வாயு கூடியது சரி; அது எரிமலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருக்கலாமே?' என்று கேட்கலாம். இதற்கு விடை, அகழாய்வு அன்பர்கள் நன்கறிந்த ஒரு முறையிலேயே இருக்கிறது.

கீழடியின் காலத்தைக் கி.மு. 580 வரை கொண்டு சென்றது கரிமம்-14 முறைதானே? உயிருள்ளவை காற்றிலிருந்து இக்கரிமத்தைப் பெறுகின்றன. இறந்தபின் அது சீராகத் தேய்கிறது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளில் அளக்க முடியாத அளவுக்குக் கரைந்துவிடுகிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் பல லட்சம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த உயிர்களின் எச்சம். அவற்றில் கரிமம்-14 அறவே இல்லை. ஆகவே அவற்றை எரித்து வரும் வாயு காற்றில் கலந்தால், காற்றின் கரிமம்-14 நீர்த்துப் போக வேண்டும். 1955இல் ஹான்ஸ் சூஸ் மரவளையங்களை ஆராய்ந்து, அவ்வாறே நீர்த்திருப்பதைக் கண்டார். காலக்கணிப்புச் செய்வோர் இன்றும் இதைக் கருத்தில் கொண்டே கணக்கிடுகின்றனர். எரிமலை வாயுவிலும் கரிமம்-14 இல்லை என்று எதிர்வாதம் வரலாம். ஆனால் எரிமலைகள் ஓராண்டில் உமிழ்வது, மனிதர் உமிழ்வதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. மேலும், எரிதலுக்கு உயிர்வளி வேண்டும். காற்றில் உயிர்வளியும் அதற்கேற்பச் சிறிது சிறிதாகக் குறைந்து வருவது அளக்கப்பட்டுள்ளது. எரிமலை அதைச் செய்யாது.

'கதிரவன் வெப்பம் கூடியிருக்கலாமே?' 1978 முதல் செயற்கைக்கோள்கள் கதிரவனை நேரடியாக அளந்து வருகின்றன. அதன் ஒளி கூடவில்லை. கதிரவன் காரணமாயின் வளிமண்டலத்தின் எல்லா அடுக்குகளும் சூடேற வேண்டும். நிகழ்வதோ வேறு: கீழடுக்கு சூடேறுகிறது, மேலடுக்கு குளிர்கிறது. வெப்பம் கீழேயே தடுத்து வைக்கப்படுகிறது என்பதன் அடையாளம் அது.

'பனியூழிச் சுழற்சியாக இருக்கலாமே?' மிலன்கோவிச்சின் கணக்குப்படி, வடபுலத்துக் கோடை வெயில் கடந்த பல்லாயிரம் ஆண்டுகளாகக் குறைந்துவரும் கட்டத்தில் இருக்கிறோம். தவிர, அண்டார்டிகாவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாகத் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகள் நம் கல்வெட்டுகளுக்கு நிகரானவை. ஆண்டாண்டாய்ப் படிந்த பனியில் அக்காலத்துக் காற்றே குமிழிகளாகச் சிறைப்பட்டுள்ளது. அங்கே 8,00,000 ஆண்டுகளின் பதிவு வாசிக்கப்பட்டுள்ளது. அவ்வளவு நெடிய காலத்திலும் கரியமில வாயு 300 பங்கைத் தாண்டியதில்லை. கடைசிப் பனியூழி முடிந்தபோது அது ஏறத்தாழ 80 பங்கு உயர்ந்தது. அதற்கு ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் பிடித்தன. கீலிங் அளக்கத் தொடங்கியபின் 66 ஆண்டுகளில் 109 பங்கு ஏறியிருக்கிறது. இதைச் சுழற்சி என்று எவ்வாறு சொல்வது?

சான்றுகள் ஒவ்வொன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பன்னாட்டுப் பருவநிலைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, மனிதச் செயல் புவியை வெம்மையாக்கியுள்ளது என்பது ஐயத்துக்கு இடமற்றது என்று அறிவித்தது.

விளைவும் பொறுப்பும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட, 2011-2020இல் புவி ஏறத்தாழ 1.1 டிகிரி வெம்மையுற்றிருந்தது. 2024, அவ்வொப்பீட்டில் ஒன்றரை டிகிரியைத் தாண்டிய ஆண்டு. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்தால் பெருமழை, காய்ந்தால் கடுங்காய்ச்சல். கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல் வாங்கிக்கொண்டது. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளிறிப்போனது கடல்நீரின் வெம்மையால். கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள், உமிழ்வை விரைந்து குறைத்தால் அரை மீட்டருக்குள்ளும், கட்டுக்கடங்காமல் விட்டால் ஒரு மீட்டரளவும் உயரக்கூடும்.

ஒரு மீட்டர் என்ன பெரிது? தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்க மாட்டார்கள். அதன் முற்பகுதியைக் கடல் அரித்துச் சென்றுவிட்டது. மாமல்லை கடற்கரைக் கோயிலைப் பாறைகளை அடுக்கி அலையைத் தடுத்தே காத்து வருகிறோம். இவ்வரிப்புகளைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதக்கூடாது. கரையை அலை அரிப்பது பழங்கதை. ஆனால், ஏற்கெனவே அலைவாயில் நிற்கும் சின்னங்களுக்கு ஏறிவரும் கடல் என்ன செய்யும் என்பதற்கு அவை முன்னறிவிப்பு. சின்னங்களைவிடப் பெரியது காவிரிக் கழிமுகத்தின் வயல்களும் கரையோரக் குப்பங்களில் வாழும் மக்களும்.

எல்லாத் துன்பத்தையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவதும் முறையன்று. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த பெருமழையை ஆராய்ந்தவர்கள், அதில் புவி வெம்மையின் பங்கைத் தெளிவாகக் காண முடியவில்லை என்றே எழுதினர். ஆனால் ஏரிகளையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் மேடாக்கி வீடு கட்டியது யார்? டெம்பிளின் ஒரு பவுண்டு தானியம் இங்கே வேறு உருவில் நிற்கிறது. மழை வானத்தின் செயல்; வெள்ளம் நம் செயல்.

பொறுப்பு எல்லோருக்கும் சமமும் அன்று. தொழிற்புரட்சி முதல் இன்றுவரை காற்றில் ஏறிய புதைபடிவக் கரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்களவே. தாது வருடத்தில் செத்த நம் உழவர் இலங்காஷயரின் ஆலைக்கரியை எரித்தவர்கள் அல்லர். 1992இல் ரியோவிலும், 1997இல் கியோட்டோவிலும், 2015இல் பாரிசிலும் நாடுகள் கூடிப் பேசியபோதெல்லாம் இவ்வழக்கே முன்னின்றது; வழக்கில் நியாயமும் உண்டு. ஆனால் இன்று ஆண்டுதோறும் உமிழ்வதில் உலகில் மூன்றாம் இடம் நம் நாட்டுக்கு. பழைய கணக்கைக் கேட்கும் உரிமை, புதுக்கணக்கை எழுதாமல் விடும் உரிமையாகிவிடாது.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இனி விடை கூறலாம். ஆம், பருவம் முன்பும் மாறியது. பனி உருகியதற்குப் புவியின் சாய்வு காரணம். அதைத் தடுக்க எவராலும் இயலாது. கோடை வராததற்கு எரிமலை காரணம். அதை மூட எவராலும் இயலாது. தாது வருடத்து வறட்சிக்குப் பசிபிக் காரணம். அதை அடக்கவும் இயலாது. பழைய காரணங்களுள் எதுவும் நம் கையில் இல்லை. இப்போதைய காரணம் ஒன்றே நம் கையில் உள்ளது. 'முன்பும் மாறியதே' என்பது ஆறுதல் என்று எண்ணிச் சொல்லப்படுகிறது. உண்மையான ஆறுதல் 'இம்முறை மாற்றுவது நாம்' என்பதில்தான் இருக்கிறது. ஏனெனில் நாம் செய்வதை நாம் நிறுத்தலாம்.

புகாரைக் கடல் கொண்டது எதனால் என்று நாம் இன்றும் விவாதிக்கிறோம். அன்றிருந்தோர் அளவைகளை விட்டுச் செல்லவில்லை. நம் வழித்தோன்றல்களுக்கு அத்தொல்லை இராது. மௌனா லோவாவின் கணக்கும், அண்டார்டிகப் பனியும், மரவளையங்களும் அவர்கள் கையில் இருக்கும். எதனால் நிகழ்ந்தது என்பதோடு, நிகழும்போதே நாம் அதை அறிந்திருந்தோம் என்பதும் அவற்றில் பதிவாகியிருக்கும்.